சும்மா கிடக்கிற இடம்

பாகூர்க் கடைத்தெருவில் உதுமான் பாய் மளிகை எது என்று யாரைக் கேட்டாலும் கை நீட்டிக் காட்டுவார்கள். அந்தக் கடைக்குப் பின்னால் ஒரு வீடும் இருக்கிறது என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். யோசிப்பது நியாயம்தான். அது வீடா குடோனா என்று அதற்குள்ளேயே முப்பது வருஷத்துக்கு மேல் குடியிருந்த ரஹ்மத் பீவிக்கே பல நாள் சந்தேகம் வந்திருக்கிறது. கூடத்தில் அரிசி மூட்டை, மாடிப்படிக்குக் கீழே தவிடு, அடுப்படிப் பரணில் அப்பளக் கட்டு, பிள்ளைகள் படுக்கும் அறையில் பூண்டு. பாய் விரிக்க வேண்டுமென்றால் முதலில் எதையாவது நகர்த்த வேண்டும்.

உதுமான் கெட்ட மனுஷர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கேட்கிறவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். பெண்டாட்டி மேல் கை வைத்ததில்லை. குடி இல்லை, சீட்டு இல்லை. பண்டிகைக்குச் சேலை எடுத்துத் தர மறந்ததில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு கோளாறுதான். காலியாக ஒரு இடத்தைக் கண்டால் மனுஷருக்குக் கை பரபரக்கும். "எடம் சும்மாதான கெடக்குது" என்பார். அவ்வளவுதான், மறுநாள் அங்கே ஒரு மூட்டை உட்கார்ந்திருக்கும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் மண்டியிடுகிற அளவுக்கு ஒரு சந்து இருந்தது. ரஹ்மத் பீவி அங்கே தொழுகைப் பாயை விரித்தாள். ஜன்னல் வெளிச்சம் சரியாக அந்த இடத்தில் விழும். தொழுது முடித்தபிறகும் எழுந்து வராமல் கொஞ்ச நேரம் கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள். புது இடம், புது ஆட்கள், மாமியார் சத்தம், கடைச் சத்தம், எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தச் சந்து ஒன்றுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒருநாள் மண்டியிலிருந்து கடலை எண்ணெய் டின்கள் வந்து இறங்கின. அவள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மாலிக் பிறந்தபோது மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது அப்படியே சுவரில் தலை சாய்த்துக் கண் மூடுவாள். தலை தட்டும், வெக்கை வேறு, இருந்தாலும் திரைக்கு அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். பிள்ளை பால் மறந்த வாரமே தவிட்டு மூட்டை வந்துவிட்டது. "இன்னமே உனக்கு எதுக்கு புள்ள அந்த எடம்? சும்மாதான கெடக்குது" என்றார் உதுமான், நல்ல மாதிரியாகத்தான். பிறகு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல். அங்கே காலி டின் போட ஒரு ஷீட் கொட்டகை வந்தது. கடைசியில் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி மிஞ்சியது குளியலறைதான். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பாள். அழுவதற்கெல்லாம் இல்லை, அதற்குத் தெம்பு ஏது? சும்மா உட்கார்ந்திருப்பாள். அதற்குள் யாராவது கதவைத் தட்டுவார்கள். "அம்மா, பருப்பு ஸ்டாக் எங்க?" என்பான் மாலிக்.

அந்த வீட்டில் மூட்டை ஏறாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உதுமானின் கட்டில். நல்ல அகலமான தேக்குக் கட்டில். மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் அதில் மல்லாந்து படுத்தால், சுற்றி அடுக்கியிருக்கும் மூட்டைகளுக்கு நடுவில் ராஜா மாதிரி இருப்பார். அந்த நேரம் கல்லாவில் ரஹ்மத் பீவி உட்கார்ந்திருப்பாள். முக்காட்டுக்குள் வேர்த்துக் கொட்டும். வருகிறவர்களுக்கு எடை போட்டுக் கொடுத்துக்கொண்டே கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளப் பாடுபடுவாள். இரண்டு நாள் தூக்கம் பாக்கி இருக்கிற முகம் அவளுக்கு எப்போதும்.

ஜூன் மாதக் கடைசியில், ஒரு காலை, உதுமான் கல்லாவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. உடலைக் கட்டிலில்தான் கிடத்தினார்கள். ரஹ்மத் பீவி அழுதாள். நடிப்பு இல்லை, வயிறு எரிந்து அழுதாள். என்ன இருந்தாலும் அத்தனை வருஷம்.

அடக்கம் முடிந்து வந்தபிறகுதான் பிரச்சினையே. கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வாசல் தாண்டக்கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது, நகை நட்டு இல்லாமல் ஒதுங்கி இருக்க வேண்டும். சரி, எங்கே ஒதுங்குவது? கடைப் பையன்களும் லோடுமேன்களும் குறுக்கும் நெடுக்கும் போகிற வீடு அது. கீழே இருந்த அறைகளில் கதவென்று ஒழுங்காக இருந்தது கடைசி அறைக்கு மட்டும்தான். அதில் சர்க்கரை மூட்டை கூரை வரைக்கும் இருந்தது. உறவுக்காரப் பெண்கள் கூடிப் பேசினார்கள். மாலிக் லோடுமேன் சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டு எல்லா மூட்டையையும் கூடத்துக்கு மாற்றினான். அறையைக் கழுவிவிட்டுப் பாய் விரித்து, ஒரு தலையணை போட்டு, ரஹ்மத் பீவியை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

சுற்றிப் பார்த்தாள். நான்கு சுவர். கொல்லைப்பக்கம் ஒரு சின்ன ஜன்னல், அதில் முருங்கைக் கிளை. தரையில் அங்கங்கே சர்க்கரைக்கு வந்த எறும்பு வழி தெரியாமல் திரிந்தது. வேறு ஒன்றும் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கென்று ஒரு அறை!

முதல் வாரம் வந்தவர்களிடம் அழுது தீர்ந்தது. இரண்டாவது வாரம் தூங்க ஆரம்பித்தாள். அடேயப்பா, அது என்ன தூக்கம்! விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுப் படுத்தால் சாப்பாட்டுக்கு எழுப்ப வேண்டும். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபடியே சாய்வாள். எத்தனையோ வருஷமாகச் சேர்த்துவைத்த களைப்பெல்லாம் உடம்பிலிருந்து இறங்கி வந்தது. விழித்துக்கொள்ளும்போது ஒரு நிமிஷம் பகீரென்று இருக்கும். புருஷன் போய்ச் சேர்ந்திருக்கிறான், இங்கே நாம் குறட்டை விடுகிறோமே, அல்லா மன்னிப்பானா என்று தோன்றும். யாசீன் ஓதுவாள். பாதியிலேயே மறுபடி கண் சொருகும்.

கொல்லை தாண்டி அடுத்த வீட்டு கனகாம்பாள் ஜன்னல் பக்கம் வந்து பேசிவிட்டுப் போவாள். நாற்று நட்டு, களை எடுத்து, காய்ந்துபோன பொம்பிளை. ஒருநாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அறையை நோட்டம் விட்டவள், "ஏ பீவி, உயிரோட இருந்த வரைக்கும் குடுக்காத ரூம, செத்து குடுத்துட்டுப் போயிருக்காரு பாரு உன் வூட்டுக்காரரு" என்றாள்.

"ச்சீ, வாய மூடு" என்று ரஹ்மத் பீவி அதட்டினாள். அதட்டும்போதே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை அவளுக்கு.

மகள் ஹப்சாவும் அந்த அறையைக் கண்டுகொண்டாள். கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் வருஷம் படிக்கிறவள். வீட்டில் வேறு எங்கே உட்கார்ந்து படிப்பது? சாயங்காலமானால் புத்தகத்தோடு வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி அது, ஒரே வார்த்தைய மென்னுக்கினு இருக்க?"

"டென்னும்மா, இங்கிலீஷ்ல டி இ என். டிக்சனரில ஒரே வார்த்தைக்கு இத்தன அர்த்தம் போட்டிருக்கான். சிங்கம், நரியெல்லாம் படுக்கற குகை, அது ஒண்ணு. திருடனுங்க ஒளிஞ்சிக்கற எடம், அது ஒண்ணு. சூதாடற எடம் வேற. அப்பறம், வீட்டு ஆம்பள தனியா உக்காந்து படிக்கறதுக்கு, டிவி பாக்கறதுக்கு வெச்சிருப்பாங்களே ரூமு, அதுவும் டென்னுதான். சின்னப் புள்ளைங்க பெட்ஷீட்ட இழுத்துக் கட்டி உள்ள பூந்துக்கினு விளையாடும் இல்ல, அதுகூட."

ரஹ்மத் பீவி கையை மடக்கித் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். "சிங்கத்துக்கு எழுதியிருக்கான், திருடனுக்கு எழுதியிருக்கான், ஆம்பளைக்கும் கொழந்தைக்கும் எழுதியிருக்கான். பொம்பளைக்கு ஒண்ணும் எழுதலயாடி அந்தப் புக்குல?"

ஹப்சா பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். "அதெல்லாம் இல்லம்மா. எக்ஸாம்லயும் கேக்கமாட்டாங்க" என்றாள். ரஹ்மத் பீவி சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தால் கதையே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கமும் ஒரு வீடு நடந்துகொண்டிருந்ததே! தீபாவளிச் சரக்கு இறங்கிற்று. சர்க்கரை, மைதா, டால்டா, பாமாயில் என்று கூடம் அடைத்து, மாடியில் மாலிக்கும் அவன் மனைவி பர்வினும் படுக்கிற அறையும் அடைத்துப்போயிற்று. மாலிக் கடையிலேயே படுத்துக்கொண்டான். பர்வின் ஒன்றரை வயதுக் குழந்தையோடு கூடத்தில் மூட்டைகளுக்கு நடுவில் கிடைத்த இடுக்கில் ஒண்டிக்கொண்டாள். சமையல் அவள், துணி அவள், மாலிக் மண்டிக்குப் போனால் கல்லாவும் அவள். கட்டில் மட்டும் மின்விசிறிக்குக் கீழே அப்படியே கிடந்தது. அத்தா உதுமானின் துண்டை மடித்து அதன் தலைமாட்டில் வைத்திருந்தான் மாலிக். யாரும் அதில் உட்காரக்கூட மாட்டார்கள்.

இதையெல்லாம் ரஹ்மத் பீவி பார்க்கவில்லை என்று சொல்லலாம். கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. பர்வினின் இருமல் கேட்டது. குழந்தை அழுகிறபோதே "தோ வர்றேன், அரை கிலோவா ஒரு கிலோவா?" என்று கடைக்குப் பதில் சொல்லுகிற குரல் கேட்டது. தட்டைக் கொண்டுவந்து வைக்கும்போது அவள் முகத்தையும் பார்க்கத்தான் செய்தாள். இரண்டு நாள் தூக்கம் பாக்கி இருக்கிற அந்த முகம் யாருடையது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எழுந்து போய் உதவ முடியாது, இத்தாவில் இருக்கிறோமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். குழந்தையையாவது கேட்டு வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் இந்த அறைக்குள்ளும் ஏதாவது ஒன்று வந்துவிடும் என்று பயம்.

இத்தாவை எண்ணுவது பிறைக் கணக்கில். அடுப்படியில் ஜமாஅத்துக்காரர்கள் கொடுத்த பிறைக் காலண்டர் தொங்கியது. ஆனால் கணக்குப் பார்த்தது மாலிக், அவன் பார்த்தது கடையில் தொங்குகிற மண்டிக் காலண்டரில். ஜூனிலிருந்து இங்கிலீஷ் மாதமாக நான்கு எண்ணி, மேலே பத்து நாள் சேர்த்து, நவம்பரில் ஒரு தேதிக்கு வட்டம் போட்டுவிட்டான். வியாபார அவசரத்தில் யாரும் சரிபார்க்கவில்லை. பிறை மாதத்துக்கு நாள் குறைவு. மண்டிக் காலண்டரை நம்பினால் நாலைந்து நாள் கூடுதலாகப் போய்விடும்.

ரஹ்மத் பீவிக்குத் தெரியும். பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை பயான் பேசும்போது ஹஜ்ரத் புதுப் பிறை பிறந்ததைச் சொன்னது மைக்கில் தெளிவாகக் கேட்டது. விரல் விட்டு எண்ணினாள். முடிகிற நாளன்று காலையில் எழுந்து உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது வந்து சொல்வார்களா? யாரும் வரவில்லை. வாயைத் திறந்து கூப்பிட்டால் முடிந்தது. கூப்பிடவில்லை. மறுபடி படுத்தாள். முப்பது வருஷத்தில் அந்த வீட்டில் அவள் திருடியது அந்தச் சில நாட்களை மட்டும்தான்.

மழை பிடித்துக்கொண்டது. கூடத்துச் சுவரில் ஈரம் இறங்கியது. வட்டம் போட்ட தேதிக்கு முந்தின நாள் மாலிக் கதவோரம் வந்து நின்றான். அவனுக்கும் கண்ணெல்லாம் சிவந்து, பத்து வயது கூடியிருந்தது.

"நாளையோட முடியுதும்மா. குளிச்சிட்டு வெளிய வந்துடு. சக்கரையெல்லாம் ஈரம் குடிக்குது, காலையிலயே சாமிக்கண்ணுவ வரச் சொல்லிட்டேன். மூட்டைய இங்கயே போட்டுடலாம். நீயும் கல்லாவுல உக்காந்தின்னா எனக்கு ஒரு கை மிச்சம்."

"நான் எங்கடா படுக்கறது?"

மாலிக்குக் கேள்வியே புரியவில்லை. "எப்பவும் போலத்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எப்பவும் போல. அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. புருஷன் செத்தபோது வந்த அழுகையைவிட இது அதிகமாக இருந்தது. இந்த அறை போனால் தனக்கு இனிமேல் கபுறுக்குழிதான் இடம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் காலை பர்வின் வெந்நீர் காய்ச்சிக் குளிக்கவைத்தாள். அறைக்குள் உட்காரவைத்து மாமியாருக்குத் தலை துவட்டினாள். குழந்தை தரையில் உட்கார்ந்து எறும்பைப் பிடிக்கப் பார்த்தது. பர்வினின் கை துவட்டிக்கொண்டே இருந்து நின்றுவிடும், பிறகு திடுக்கிட்டு மறுபடி துவட்டும். நின்றபடியே தூங்குகிறாள் என்று ரஹ்மத் பீவிக்குப் புரிந்தது. மனசு கேட்கவில்லை. சொல்லிவிட்டாள்.

"பர்வினு, இத்தா இன்னிக்கு முடியலடி. நாலு நாளைக்கி முன்னியே முடிஞ்சிபோச்சி. மாலிக்கு தப்பா எண்ணிட்டான். நானும் தெரிஞ்சே சொல்லாம இருந்துட்டேன்."

"தெரியும் மாமி."

ரஹ்மத் பீவி திரும்பிப் பார்த்தாள். "இன்னாடி தெரியும்?"

"அடுப்படியில பெற காலண்டர தெனம் பாக்கறனே. அன்னிக்கே சொல்லிடலாம்னு வந்தேன் மாமி. கதவத் தெறந்து பாத்தேன், நீங்க தூங்கிக்கினு இருந்தீங்க." அவள் ஈரத் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். "நான் இந்த வூட்டுக்கு வந்து அஞ்சு வருஷம் ஆச்சி. நீங்க படுத்துத் தூங்கி நான் பாத்ததே இல்ல. சரி, இருக்கட்டும்னு கதவச் சாத்திட்டுப் போயிட்டேன்."

அந்த நாலு நாளும் தான் யாருடைய முதுகின்மேல் படுத்துத் தூங்கினோம் என்பது ரஹ்மத் பீவிக்கு அப்போதுதான் முகத்தில் அறைந்த மாதிரி புரிந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குள் கூடத்தில் சாமிக்கண்ணுவின் குரல் கேட்டது. மூட்டையைத் தூக்கிவிட்டார்கள்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்கு வெளியே வந்தாள். அந்நிய ஆண்கள் எதிரே வருவது நான்கு மாதத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. சாமிக்கண்ணு முதுகில் மூட்டையோடு எதிரே நின்றான். அவள் வாசற்படியை விட்டு நகரவில்லை.

"அந்தாண்ட போம்மா, வெயிட்டு" என்றான் மாலிக்.

"இந்த ரூம்ல மூட்ட போடக்கூடாது."

"இன்னாம்மா இது, அவன் முதுகுல வெச்சிக்கினு நிக்கிறான். வேற எடம் எங்க இருக்குது?"

ரஹ்மத் பீவி கூடத்தைப் பார்த்தாள். மூட்டைகளுக்கு நடுவில் பர்வினின் பாய் பாதி மடிந்து கிடந்தது. பக்கத்திலேயே அகலமான கட்டில். மேலே மின்விசிறி.

"தோ" என்று கை காட்டினாள். "அந்தக் கட்டிலத் தூக்கி மொட்டமாடி கொட்டாயில போட்டுட்டு, அந்த எடத்துல அடுக்கு. செவுரு ஓரம்தான ஈரம், அங்க ஏறாது."

"அம்மா! அது அத்தா கட்டிலு."

"தெரியும்டா. நாந்தான தெனமும் தட்டி விரிச்சது." கட்டிலைக் காட்டிய கையை அவள் இறக்கவில்லை. "சும்மாதான கெடக்குது."

சாமிக்கண்ணு மூட்டையை இறக்கிவிட்டு வேறு பக்கம் பார்த்தான். மாலிக் போய்த் தலைமாட்டிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தோளில் போட்டுக்கொண்டான். "ஒரு கை புடிடா" என்று சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டான். கட்டில் தரையில் கிறீச்சிட்டு நகர்ந்தது.

ரஹ்மத் பீவி அறைக்குள் போனாள். பர்வின் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த துண்டை வாங்கிக் கொடியில் போட்டாள். தலையணையைத் தட்டிச் சுவரோரம் வைத்தாள்.

"படு" என்றாள்.

"ஐயோ, அடுப்புல பாலு வெச்சிருக்கேன் மாமி. கடையில வேற—"

"படுன்னா படு."

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அடுப்படிக்குப் போய்ப் பாலை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். காலி டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, கதவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். கால் கடுத்தது. குழந்தை அவள் முக்காட்டைப் பிடித்து இழுத்தது. நான்கு மாதத் தூக்கம் ஒரே காலையில் கரைந்துபோன மாதிரி இருந்தது.

மாடிப்படியிலிருந்து மாலிக் சத்தம் போட்டான். "பர்வின்! ஏ பர்வின்! கடைக்கி ஆள் வந்து நிக்குது பாரு!"

"கத்தாதடா" என்றாள் ரஹ்மத் பீவி. "அவ தூங்குறா."